மெலிவது வேறு, உரமேறுவது வேறு

(ஓமந்தையில் ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உள்ளே வரும்போது எல்லோருக்கும் ஒவ்வொரு நூல் தந்திருக்கிறார்கள். காப்புக் கட்டுகிற நூல் இல்லை, பயப்பட வேண்டாம். ஒரு நுனியைக் குதிக்காலால் மிதித்துக்கொண்டு மற்றதை உச்சந்தலை வரைக்கும் இழுத்துப் பிடியுங்கள். பக்கத்தில் இருப்பவர் கொஞ்சம் உதவி செய்யுங்கள். உங்கள் உயரத்துக்கு அளந்து வெட்டியாயிற்றா? இப்போது அதை இரண்டாக மடித்து இடுப்பைச் சுற்றிப் பிடியுங்கள். சாறம் கட்டுகிற இடத்தில் பிடிக்கக்கூடாது ஐயா, அது வண்டிக்குக் கீழே எப்போதோ இறங்கிவிட்டது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் பிடியுங்கள். வயிற்றை எக்காமல், மூச்சை வெளியே விட்டபடி. நுனி இரண்டும் முட்டினால் நல்லது. முட்டவில்லை என்றால் இன்றைய பேச்சு உங்களுக்குத்தான். பின்வரிசையில் சிரிப்பு ஓயட்டும், தொடர்கிறேன்.

இடுப்பு, உயரத்தின் பாதிக்குள் இருக்க வேண்டும். இன்று உலகத்தில் பல வைத்தியர்கள் ஒப்புக்கொண்ட அளவு இது. நாடா இருக்கிறவர்களுக்கு இன்னொரு கணக்கு: எங்களைப் போன்ற தெற்காசியருக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரையும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரையும் எட்டினால் கவனம். தராசில் ஏறி நின்று சந்தோசப்படுவதையும் துக்கப்படுவதையும் கொஞ்சம் ஒத்திவையுங்கள் என்று கேட்கத்தான் நூலில் தொடங்கினேன்.

ஏன் தராசை நம்ப முடியாது? 2004இல் 'லான்செட்' மருத்துவச் சஞ்சிகையில் ஒரு படம் வந்தது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு விஞ்ஞானிகள். ஒருவர் லண்டனைச் சேர்ந்த ஜோன் யட்கின், மற்றவர் பூனாவைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக். இருவருக்கும் உடற்திணிவுச் சுட்டி ஒன்றுதான், 22.3. இருவரும் பார்வைக்கு மெலிந்த மனிதர்கள். உடம்புக்குள் இருக்கிற கொழுப்பை அளந்தபோது யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். இந்திய உடம்பு வெளியில் மெலிவு, உள்ளே கொழுப்பு. எங்கள் உடம்பும் அந்த வகைதான். கையும் காலும் ஈர்க்குமாதிரி, வயிறு மட்டும் முன்னுக்கு. இந்த உருவத்தை எத்தனை வீட்டில் பார்க்கிறோம்! அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசிய மக்களுக்கு அந்தச் சுட்டி 25ஐத் தொடும்வரை காத்திருக்க வேண்டாம், 23இலேயே விழித்துக்கொள்ளுங்கள் என்றது இதனால்தான்.

ஆகவே "அஞ்சு கிலோ குறைக்கோணும் டொக்ரர்" என்று வருகிறவரிடம் நான் கேட்கிற கேள்வி, எந்த அஞ்சு கிலோ என்பதுதான். கொழுப்பில் அஞ்சு கிலோ போனால் ஆள் இளமையாவார். தசையில் போனால் கிழவராவார். தராசுக்கு இரண்டும் ஒரே இலக்கம்.

எனக்கு இந்த மண்ணில் நின்று மெலிவதைப் பற்றிப் பேசவே ஒரு தயக்கம் உண்டு. யுத்தத்தின் கடைசிக் கட்டத்தில், 2009இன் முதல் மாதங்களில், இந்த ஓமந்தைச் சாவடியில் வந்து இறங்கிய சனத்தின் உடம்பு எப்படி இருந்தது என்பதை இங்கே இருப்பவர்களில் பலர் தங்கள் உடம்பாலேயே அறிவீர்கள். அரிசியும் உப்பும் தண்ணீருமாகக் குடித்த கஞ்சி. பிறகு மனிக் பாம் முகாம், வரிசை, நிவாரணப் பருப்பு, மா. அப்படி வற்றி வந்தவர்களில் எத்தனை பேர் இன்றைக்குச் சலரோகக் கிளினிக்கில் கொப்பியோடு இருக்கிறார்கள்! "பட்டினி கிடந்தனாங்கள், எங்களுக்கு எப்படி இந்த வருத்தம்?" என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. அதற்கு ஒரு பழைய பதில் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போரின் கடைசிக் காலத்தில், 1944இலும் 45இலும், அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்பவர் ஒரு பரிசோதனை செய்தார். யுத்தத்துக்குப் போக மனச்சாட்சி இடம்கொடாத 36 இளைஞர்கள் தாங்களாகவே அதற்கு முன்வந்தார்கள். ஆறு மாதம் அரைப்பட்டினி. நாளுக்கு 1,570 கலோரியளவுதான். உருளைக்கிழங்கு, பாண், கோசு வகைகள். உடம்பின் கால்வாசி கரைந்து போனது. கனவிலும் சாப்பாடு, பேச்சிலும் சாப்பாடு. சிலர் சமையல் புத்தகம் சேர்க்கத் தொடங்கினார்கள். பிறகு வயிறாரச் சாப்பாடு கொடுத்தபோது உடம்பு முதலில் திருப்பி எடுத்தது கொழுப்பைத்தான். தசை பின்னால் மெதுவாக நொண்டி நொண்டி வந்தது. தசை பழைய அளவுக்கு வருமுன்னமே கொழுப்பு பழைய அளவைத் தாண்டிவிட்டது. பஞ்சத்தைக் கண்ட உடம்பு அடுத்த பஞ்சத்துக்குச் சேர்த்து வைக்கிறது. அது உடம்பின் புத்தி. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

இனி யோசியுங்கள். கலியாண வீட்டுக்குச் சாறி பிளவுஸ் அடங்க வேண்டும் என்று ஒரு பிள்ளை மூன்று கிழமை பழமும் பிளேன்ரீயுமாகக் கிடக்கிறாள். அது மினசோட்டாவின் சின்ன உருவம். ஆறு கிலோ போகும், தசையையும் இழுத்துக்கொண்டு போகும். கலியாணம் முடிய ஏழு கிலோ திரும்பி வரும், வருவது கொழுப்பு. இப்படி நாலு கலியாணம் கண்டால் தராசில் பெரிய வித்தியாசம் இராது, நூல் மட்டும் முட்டாது.

பட்டினி கிடக்காமல் கொழுப்பைக் குறைக்க வழி உண்டா? உண்டு. கலோரியைக் கொஞ்சமாய்க் குறைப்பது, புரதத்தைக் கூட்டுவது, தசைக்குப் பாரம் கொடுப்பது. மூன்றும் சேர்ந்தே நடக்க வேண்டும். கனடாவின் மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தில் 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வைப் பாருங்கள். இளைஞர்களுக்கு நாலு கிழமை, தேவையில் 40 சதவீதம் குறைந்த சாப்பாடு, கூடவே கடும் பயிற்சி. ஒரு பகுதியினருக்கு உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.2 கிராம் புரதம், மற்றப் பகுதியினருக்கு அதன் இரட்டிப்பு. கூடப் புரதம் தின்றவர்கள் 4.8 கிலோ கொழுப்பை இழந்தார்கள், அந்தக் குறைந்த சாப்பாட்டிலும் 1.2 கிலோ தசை போட்டார்கள். மற்றவர்கள் 3.5 கிலோ கொழுப்பை இழந்தார்கள், தசை இருந்தபடி இருந்தது. இரட்டிப்பாகத் தின்னுங்கள் என்று சொல்ல இதைக் கொண்டுவரவில்லை. அது வாலிபப் பிள்ளைகளைக் கண்காணிப்பில் வைத்துச் செய்தது. குறைந்த பகுதிக்குக் கொடுத்த 1.2 கிராமே எங்களில் பலருக்கு எட்டாத அளவு. அதைக் கவனியுங்கள்.

எங்கள் கோப்பைக்கு வருவோம். இலங்கையில் வளர்ந்தவர்களின் சாப்பாட்டை ஆராய்ந்தவர்கள் கண்டது, சக்தியில் ஏறத்தாழ 70 சதவீதம் மாப்பொருளில் இருந்து வருகிறது, புரதத்தின் பங்கு 11 சதவீதம் அளவில்தான். காலமை இடியப்பமும் சொதியும், அல்லது பாணும் சம்பலும். மத்தியானம் மலைபோலச் சோறு, அதன் ஓரத்தில் ஒரு துண்டு மீன். இரவு புட்டு. அவித்த சோறு 100 கிராமில் 130 கலோரியும் இரண்டரைக் கிராம் புரதமும் இருக்கிறது. 60 கிலோ உள்ள ஆளுக்கு 1.2 கிராம் கணக்கில் நாளுக்கு 72 கிராம் புரதம் வேண்டும். அதைச் சோற்றிலேயே எடுக்கப் போனால் மூன்று கிலோவுக்குக் கிட்டச் சோறு தின்ன வேண்டும்!

சோற்றை நான் எதிரியாக்கவில்லை. மொட்டைக்கறுப்பனும் ஆட்டக்காரியும் விளைந்த வன்னியில் அப்படிப் பேசினால் என்னை ஏ9 வீதியில் இறக்கிவிடுவீர்கள். ஒரு காலத்தில் அந்தச் சோறு பொருத்தமாக இருந்தது. அரிவி வெட்டினார்கள், சூடு மிதித்தார்கள், உரலில் குத்தினார்கள், துலாவில் இறைத்தார்கள். இன்றைக்கு வெட்டுமெசின் வந்து காலமை இறங்கினால் மத்தியானம் நெல் மூட்டையில். உழுவது லான்ட்மாஸ்ரர், இறைப்பது மோட்டர், வயல் பார்க்கப் போவது மோட்டச்சைக்கிள். தசை செய்த வேலை எல்லாம் பெற்றோலுக்குப் போய்விட்டது. கோப்பை மட்டும் அந்தக் காலத்து அளவிலேயே நிற்கிறது. சோற்றைப் பாதியாக்குங்கள், தவிட்டோடு இருக்கிற சிவப்பரிசியாகப் பாருங்கள், மிச்ச இடத்தில் இலைக்கறியையும் புரதத்தையும் வையுங்கள்.

புரதம் என்றவுடன் வவுனியா ரவுணுக்குப் போய்ப் பேணி வாங்குகிற தம்பிமார் இருக்கிறார்கள். ஒரு கரண்டிப் பவுடரில் 24 கிராம் புரதம் இருக்கும். நாலு முட்டையிலும் அவ்வளவுதான். 'மாஸ் கெயினர்' என்று விற்கிற பெரிய பேணிகளில் முக்கால்வாசி மாவும் சீனியும். காசு கொடுத்து வண்டி வளர்க்கிற வேலை அது.

நாங்கள் வாங்கத் தேவையில்லாத புரதம் குளத்தில் நீந்துகிறது. யப்பான் மீனை, அதாவது திலாப்பியாவைச் சொல்கிறேன். ஆபிரிக்காவில் இருந்து 1952இல் இந்த நாட்டுக் குளங்களுக்கு வந்தது. வன்னிக் குளங்களில் இன்று தட்டுப்படாத இடமில்லை. கடல்மீன் வருகிற நாளில் இதை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. "சேறு மணக்கும்", "முள்ளுக் கூட" என்கிறார்கள். சேறு மணப்பது உண்மைதான். தோலோடு வெட்டி அப்படியே சட்டியில் போட்டால் மணக்காமல் என்ன செய்யும்? தோலை உரியுங்கள். வயிற்றுக்குள் இருக்கிற கறுப்புச் சவ்வைச் சுரண்டி எடுங்கள், மணத்தில் பாதி அங்கேதான். உப்பும் மஞ்சளும் பழப்புளியும் போட்டுப் பிசறி அரை மணித்தியாலம் வைத்துக் கழுவுங்கள். பிறகு மிளகு போட்டுத் தீயல் வையுங்கள், அல்லது இலையில் சுற்றித் தணலில் சுடுங்கள். 100 கிராம் பச்சை மீனில் 20 கிராம் புரதம், கொழுப்பு 2 கிராம்கூட இல்லை, கலோரி 100க்குள். பொரித்தால் இந்தக் கணக்கெல்லாம் எண்ணெயில் போய்விடும். விரால் கிடைத்தால் பாக்கியம், விலைதான் கிட்ட விடாது.

மீன் தொடாதவர்களுக்கு நிலம் தருகிறது. பயறும் கௌபியும் உழுந்தும் இந்த வெம்பு மண்ணில் விளைகிறவை. அவித்த பயறு ஒரு கப் நிறையப் 14 கிராம் புரதம். சோயாமீற், கடலை, தயிர் இருக்கிறது. கச்சானும் நல்லது, ஆனால் கை நிறைய அள்ளி அள்ளி வாயில் போடக்கூடாது, 100 கிராமில் 560 கலோரிக்கு மேல் இருக்கிறது. ஒருநாள் எப்படி இருக்கும் என்று சும்மா போட்டுப் பார்க்கிறேன். காலமை இரண்டு முட்டையும் ஒரு கப் அவித்த பயறும், 26 கிராம். மத்தியானம் உள்ளங்கை அளவு மீன், பருப்பு, ஒரு கப் சோறு, 35 கிராம். இரவு ஒரு கப் கடலையும் இலைக்கறியும், 14 கிராம். 75 வந்துவிட்டது. நெத்தலிக் கருவாட்டில் புரதம் நிறைய, உப்பும் நிறைய, பிறசர் உள்ளவர்கள் அளவோடு.

புரதம் வயிற்றில் கனநேரம் நின்று பசியைத் தாமதிக்கும். அதைச் செமிப்பதற்கே அதன் கலோரியில் கால்வாசி அளவு செலவாகிறது. மாப்பொருளுக்கு இதில் பத்தில் ஒன்றுக்கும் குறைவுதான் போகும். பத்து மணிப் பசிக்கு பிஸ்கட் பைக்கற்றைத் தேடுகிற கை தானாகவே நிற்கும்.

சீனியைப் பற்றி நெடுகப் பேசத் தேவையில்லை. நாளுக்கு அஞ்சு தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் மூன்று கரண்டி என்றால் 60 கிராம். உலக சுகாதார நிறுவனம் 50க்கு மேல் வேண்டாம், முடிந்தால் 25 என்கிறது. சோடாப் போத்தலில் நிற வட்டம் போட வேண்டும் என்ற சட்டம் இந்த நாட்டில் 2016இல் வந்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு. வட்டத்தைப் பார்த்துவிட்டுக் குடியுங்கள்.

இப்போது நான் கையெடுத்துக் கேட்கிற இடம். யூரியூப்பில் ஒருவர் சென்னையிலோ ரொறன்ரோவிலோ இருந்து "புரதத்தைக் கூட்டுங்கள்" என்கிறார். அவருக்கு எங்கள் கிணறு தெரியாது. 1990களில் மதவாச்சி, பதவியாப் பக்கம் தொடங்கிப் பேசப்பட்ட, காரணம் இன்னும் தீர்க்கமாகப் பிடிபடாத சிறுநீரக நோய் எங்கள் வவுனியா மாவட்டத்தையும் விட்டுவைக்கவில்லை. வயலில் வேலை செய்கிற, சலரோகமும் பிறசரும் இல்லாத ஆணுக்கும் அது வரும். கடைசிக் கட்டம் வரை வெளியே ஒன்றும் காட்டாது. பழுதான சிறுநீரகத்துக்குப் புரதம் கூடப்போவது சுமை. அப்படியானவர்களுக்குக் கிலோவுக்கு 0.8 கிராம் அளவில்தான் நிற்கச் சொல்வார்கள். ஆகவே பேணியைத் திறப்பதற்கு முன், ஏன், மூன்றாவது முட்டையை உடைப்பதற்கு முன்னும், இரத்தத்தில் கிறியற்றினினும் சிறுநீரில் அல்பியூமினும் பாருங்கள். 35 வயதைத் தாண்டியவர்களுக்கு அரசாங்கத்தின் சுகவாழ்வு நிலையங்களில் சீனி, பிறசர், நிறை, இடுப்பு எல்லாம் காசில்லாமல் பார்க்கிறார்கள். பெண்களுக்குச் சுகவனிதையர் கிளினிக் இருக்கிறது. அங்கே போகிறபோது சிறுநீரகத்தையும் கேளுங்கள். போகிற ஆண்கள் குறைவு. ஏனென்று கேட்டால் "எனக்கு ஒண்டுமில்லை" என்பதே பதில். ஒன்றுமில்லாத காலத்தில்தானே பார்க்க வேண்டும்?

இனி உடற்பயிற்சி. நடை நல்லது. கிழமைக்கு 150 நிமிடம், நாளுக்கு அரை மணி வீதம் அஞ்சு நாள். ஏ9 கரையால் இருட்டோடு நடக்காதீர்கள், பஸ்சுக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். குளக்கட்டு அழகு, ஆனால் யானைக்கும் அது பிடிக்கும். பள்ளிக்கூட மைதானம் போதும். சென்னையில் டொக்ரர் ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், சலரோகத்தின் விளிம்பில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டு பார்த்தார்கள். ஒன்றும் செய்யாத பகுதியில் 55 சதவீதம் பேருக்குச் சலரோகம் வந்தது. சாப்பாட்டையும் நடையையும் திருத்தியவர்களில் 39 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. எனக்குப் பிடித்த விசயம், அவர்களுக்குத் தராசில் பெரிய இறக்கம் ஒன்றும் இல்லை. நிறை நின்ற இடத்தில் நிற்க, நோய் தள்ளிப் போனது.

நடை மட்டும் போதாது. உண்ட சீனியில் பெரும்பகுதியை வாங்கி அடைக்கிற களஞ்சியம் தசை. களஞ்சியம் சுருங்கினால் நெல் முற்றத்தில் கிடக்கும். தசையை வளர்க்கப் பாரம் தூக்க வேண்டும், கிழமைக்கு இரண்டு மூன்று நாள், இடையில் ஒருநாள் ஆறவிட்டு. ஜிம் கட்டாயமில்லை. கைப்பிடியில்லாத கதிரையில் இருந்து கையூன்றாமல் எழும்பி இருங்கள், பத்துத் தரம். கெதியாய் இருக்க வேண்டாம், மூன்று எண்ணி இறங்குங்கள், தொடை எரியும், எரிய வேண்டும். மதிலில் கையூன்றித் தள்ளுங்கள். அது லேசானால் திண்ணையில், பிறகு நிலத்தில். அஞ்சு லீற்றர் தண்ணிக் கான் இரண்டு கையில் ஒவ்வொன்றாகப் பிடித்து வளவைச் சுற்றி வாருங்கள், முதுகு நிமிர்ந்தபடி. கிணறு இருக்கிறவர்கள் மோட்டரை நிற்பாட்டிவிட்டு வாளியால் அள்ளுங்கள், அதைவிட நல்ல முதுகுப் பயிற்சி எனக்குத் தெரியாது. ஒன்று லேசாகிவிட்டால் அடுத்த கிழமை கூட்ட வேண்டும். கூட்டாமல் ஒரே பாரத்தை ஆறு மாதம் தூக்குகிறவர்கள் ஆறு மாதமும் ஒரே ஆள்தான். வயிற்றுக்கு மட்டும் பயிற்சி செய்து வயிற்றுக் கொழுப்பைக் கரைக்கவும் முடியாது. உடம்பு எங்கே இருந்து எடுப்பது என்பதை உடம்புதான் தீர்மானிக்கும்.

வயது போய்விட்டது என்கிறவர்களுக்கு ஒன்று. 1990இல் பொஸ்ரனில் ஒரு முதியோர் இல்லத்தில் 90 வயதளவில் இருந்தவர்களுக்கு எட்டுக் கிழமை காலுக்குப் பாரப் பயிற்சி கொடுத்தார் மரியா பியாற்றறோனே என்ற மருத்துவர். பலம் சராசரி 174 சதவீதம் கூடியது. பொஸ்ரன் தூரம் என்றால் முல்லைத்தீவுக்கு வாருங்கள். முள்ளியவளை அகிலத்திருநாயகி அம்மா எழுபதைத் தாண்டிய வயதில் 2023இல் பிலிப்பைன்ஸ் போய், மூத்தோர் தடகளப் போட்டியில் 1500 மீற்றரில் தங்கப்பதக்கத்தோடு வந்தார்.

சீட்டுகள் வந்திருக்கின்றன. வாசிக்கிறேன்.

"கந்தசஷ்டி ஆறு நாளும் பால் பழத்தோடு இருந்தால் மெலியலாமா?" விரதம் கடவுளுக்கு. அதைத் தராசுக்கு இருக்காதீர்கள். அந்த ஆறு நாளில் இறங்குவதில் பெரும்பகுதி தண்ணீர், கொஞ்சம் தசை. பாறணையில் அது திரும்பி வந்துவிடும்.

"பெண்பிள்ளைகள் பாரம் தூக்கினால் ஆம்பிளை உடம்பு வராதா?" வராது அம்மா. அதற்கு வேண்டிய ஓமோன் பெண் உடம்பில் அந்த அளவுக்கு இல்லை. வருவது இறுகின கையும் நிமிர்ந்த முதுகும். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு உக்காமல் இருக்கவும் அது வேண்டும். தண்ணிக் குடம் தூக்கின உங்கள் அம்மாவுக்கு மீசை முளைத்ததா?

கடைசிச் சீட்டு. "எனக்கு ஒரு கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. நிறை கூடிக்கொண்டு போகுது. நான் என்ன செய்யலாம்?" இதை எழுதியவருக்கு நன்றி, இந்த மாவட்டத்தில் இதைக் கேட்க வேண்டியவர்கள் பலர். முதலில், உங்கள் கணக்கு வேறு. முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதி உடம்பின் 6 சதவீதம், முழுக்கால் 16 சதவீதம். அதைச் சேர்த்துத்தான் உடற்திணிவுச் சுட்டி பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் தராசு உங்களைக் குறைத்துக் காட்டும். நூல் உங்களுக்கும் பொருந்தும். சாப்பாட்டில் நான் சொன்னதெல்லாம் அப்படியே. பயிற்சி கதிரையில் தொடங்கட்டும். பக்கத்துக் கைப்பிடிகளில் கையூன்றி உடம்பைத் தூக்கி இறக்குங்கள், கானைத் தலைக்கு மேல் தூக்குங்கள். நாளுக்கு இருபது நிமிடம் குப்புறப் படுங்கள், இடுப்பும் முழங்காலும் மடிந்தபடி இறுகிவிடாமல் இருக்க. செயற்கைக் கால் போட்டு நடக்கிறபோது மற்றவர்களைவிடக் கூடுதல் சக்தி செலவாகிறது, ஆகவே உங்கள் கால் மணி நடையை மற்றவரின் கால் மணியோடு ஒப்பிட வேண்டாம். நிறை ஏறினால் காலின் குழி இறுகிப் புண்ணாக்கும், இறங்கினால் தளர்ந்து மேலும் கீழும் உரசும். அதனால் மெலியத் தொடங்குவதற்கு முன்னமே கால் செய்து தந்த இடத்தில் சொல்லிவிடுங்கள். குழி தளரும்போது முதலில் உறை ஒன்று கூடப் போடச் சொல்வார்கள், பிறகு குழியை மாற்றுவார்கள். தோல் சிவந்து பத்து நிமிடத்தில் மாறாவிட்டால் அன்றைக்கு நடக்காதீர்கள், கதிரைப் பயிற்சியை மட்டும் செய்யுங்கள்.